இறந்தவரின் குரலைப் பதிப்பித்தல்: வெளிவராத ஒலிப்பதிவுகளிலிருந்து உருவாகும் ஹிப் ஹாப் ஆல்பங்கள்

1. கேள்வி

2004 டிசம்பரில் டூபாக் ஷகூரின் பெயரில் 'லாயல் டு த கேம்' என்ற ஆல்பம் வெளிவந்தது. டூபாக் இறந்து அப்போது எட்டு ஆண்டுகள் கடந்திருந்தன. 1996 செப்டம்பர் 7 அன்று லாஸ் வேகஸ் நகரில் காரில் செல்கையில் சுடப்பட்ட அவர், ஆறு நாள் கழித்து, 25 வயதில் இறந்தார். ஆல்பத்தில் ஒலிக்கும் அவரது குரல் பெரும்பாலும் 1990களின் முற்பகுதியில் பதிவானது. அந்தக் குரலைச் சுற்றி எழுப்பப்பட்ட இசையோ புதியது. மிகப் பெரும்பகுதியைத் தயாரித்தவர் எமினெம். புதிய தாளத்துக்குப் பொருந்துவதற்காக டூபாக்கின் குரல் சில இடங்களில் வேகப்படுத்தப்பட்டது, சில இடங்களில் மெதுவாக்கப்பட்டது. அவர் உச்சரித்த அசைகளை வெட்டி ஒட்டி, அவர் வாழ்ந்த காலத்தில் இல்லாதிருந்த ஜி-யூனிட் குழுவின் பெயரை அவரே சொல்வதுபோலவும் செய்தார்கள். அமெரிக்காவின் பில்போர்ட் ஆல்பம் பட்டியலில் அது முதலிடத்தைப் பிடித்தது.

இந்த ஆல்பம் யாருடைய படைப்பு? அதை டூபாக்கின் படைப்பு வரிசையில் வைத்து, அவரது வளர்ச்சிக்கோ தளர்ச்சிக்கோ சான்றாகக் கொள்ள முடியுமா? முடியாதென்றால், அவர் இறந்த பின் வந்த எல்லா ஆல்பங்களையும் அவ்வாறே ஒதுக்கிவிட வேண்டுமா? இக்கேள்விகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விடை ஒன்று உண்டு: கலைஞர் விரும்பியிருப்பாரா என்று பாருங்கள், விரும்பியிருந்தால் நியாயம், இல்லையென்றால் அநியாயம். இக்கட்டுரை அந்த விடையின் போதாமையை எடுத்துக்காட்ட முயல்கிறது. வெளிவராத ஒலிப்பதிவுகளிலிருந்து உருவாகும் ஆல்பத்தை ஒரு பதிப்பாகக் கருத வேண்டும், அதை உருவாக்குபவரைப் பதிப்பாசிரியராகக் கருத வேண்டும், மூலத்தில் என்ன இருந்தது, எது எப்போது யாரால் சேர்க்கப்பட்டது என்பதை அவர் எந்த அளவுக்கு வெளிப்படையாகச் சொல்கிறார் என்பதே முதன்மையான அளவுகோலாக இருக்க வேண்டும் என்பது இதன் வாதம்.

2. இதுவரையிலான பார்வைகள்

இவ்வகை ஆல்பங்களைப் பற்றிய பேச்சில் மூன்று நிலைப்பாடுகளைக் காணலாம். முதலாவது அஞ்சலி நிலைப்பாடு. ரசிகர்களும் குடும்பத்தினரும் பெரும்பாலும் இதை ஏற்பவர்கள். இளவயதில் கொல்லப்பட்ட அல்லது நோயால் மறைந்த கலைஞர் விட்டுச்சென்ற எதுவும் வீணாகக் கூடாது, அவரது குரலை மறுபடியும் கேட்பதே ஆறுதல் என்பது இதன் சாரம். இரண்டாவது, சுரண்டல் நிலைப்பாடு. பத்திரிகை விமர்சகர்களிடையே இது வலுவானது. ஒலிப்பதிவு நிறுவனங்கள் மறுத்துப் பேச முடியாத ஒருவரின் மீதக் குரலைக் கொண்டு பணம் பண்ணுகின்றன என்கிறது இது. பாப் ஸ்மோக்கின் 'ஃபெய்த்' (2021) இதற்குச் சான்றாக அடிக்கடி காட்டப்படுகிறது. ப்ரூக்ளின் டிரில் இசையின் முகமாக எழுந்த அவர் 2020 பிப்ரவரியில் 20 வயதில் கொல்லப்பட்டார். அவ்வாண்டு ஜூலையில் 50 சென்ட்டின் மேற்பார்வையில் வந்த முதல் ஆல்பத்துக்குப் போதிய குரற்பதிவுகள் இருந்தன. அடுத்த ஆண்டு வந்த இரண்டாவதிலோ அவரது குரல்துணுக்குகள் விருந்தினர் கூட்டத்தின் நடுவே சிதறிக் கிடந்தன.

மூன்றாவது, ஆய்வாளர்களின் நிலைப்பாடு. ஜேசன் ஸ்டான்யெக்கும் பெஞ்சமின் பீகட்டும் 2010இல் எழுதிய கட்டுரை இதில் முக்கியமானது. 1965இல் இறந்த நாட் கிங் கோலின் பதிவோடு அவரது மகள் நட்டாலி கோல் 1991இல் சேர்ந்து பாடிய 'அன்ஃபர்கெட்டபிள்' அவர்கள் ஆராயும் முதன்மையான எடுத்துக்காட்டு. இறந்தவரும் இருப்பவரும் சேர்ந்து உழைக்கும் ஏற்பாட்டை அவர்கள் விதிவிலக்கான விபரீதமாகக் காண்பதில்லை. காலத்தாலும் இடத்தாலும் பிரிந்திருப்பவர்களின் உழைப்பை ஒன்றாகத் தைப்பது ஒலிப்பதிவுத் தொழில்நுட்பத்தின் இயல்பிலேயே உள்ளது என்பது அவர்கள் கருத்து.

மூன்று நிலைப்பாடுகளிலும் உண்மை உண்டு. ஆயினும் முதல் இரண்டும் ஆல்பத்தை உருவாக்கியவர்களின் மனத்தை எடைபோடுகின்றன: அன்பா, பேராசையா என்று. அன்போடு செய்த வேலை மூலத்தைச் சிதைக்கலாம். ஆதாயத்துக்காகச் செய்த வேலை மூலத்தைக் காப்பாற்றலாம். மூன்றாவது நிலைப்பாடு நிகழ்வை நன்றாக விளக்குகிறது. ஆனால் ஓர் ஆல்பத்துக்கும் இன்னொன்றுக்கும் உள்ள தர வேறுபாட்டை, நேர்மை வேறுபாட்டைச் சொல்ல அது கருவி தருவதில்லை. அந்தக் கருவியை வேறெங்கோ தேட வேண்டியிருக்கிறது.

3. பிரித்தெடுக்கக்கூடிய குரல்

ஹிப் ஹாப்பில் இந்தச் சிக்கல் மற்ற இசை வகைகளைவிட ஏன் கூர்மையடைகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு ராப் பாடல் பெரும்பாலும் இரண்டு தனித்தனி வேலைகளின் சேர்க்கை. தயாரிப்பாளர் பீட்டை உருவாக்குகிறார். ராப்பர் அதன்மேல் தன் சொற்களைப் பதிகிறார். குரல் தனித் தடத்தில் இருக்கிறது. அதை எடுத்து வேறொரு பீட்டின்மேல் வைப்பது தொழில்நுட்ப அளவில் எளிது. ரீமிக்ஸ் மரபு அதை நாள்தோறும் செய்கிறது. பாடலின் அலகும் நெகிழ்வானது: பதினாறு பார் கொண்ட ஒரு வெர்ஸ் இன்று ஒரு பாடலிலும் நாளை இன்னொருவரின் பாடலில் விருந்தாகவும் இடம்பெறலாம். ஆகவே ஒரு ராப்பர் இறக்கும்போது ஸ்டூடியோவில் எஞ்சுபவை முழுப் பாடல்களாக இருப்பதைவிட வெர்ஸ்களாகவும் பல்லவிகளாகவும் சோதனைகளாகவும் இருப்பதே அதிகம். ஒரு ராக் குழுவின் அரைகுறைப் பதிவில் குழுவினர் சேர்ந்து வாசித்த இசையாவது குரலோடு இருக்கும். இங்கே தனிக் குரல் மட்டுமே எஞ்சக்கூடும். அதன்மேல் எதையும் கட்டலாம்.

இந்த வசதியே ஒரு மயக்கத்தையும் உண்டாக்குகிறது. குரல் அவருடையது, சொற்கள் அவருடையவை, ஆகவே பாடலும் அவருடையது என்ற மயக்கம் அது. ராப்பரின் கலை சொற்களோடு முடிந்துவிடுவதில்லை. எந்த அசையை அடி விழுமுன் வைப்பது, எதைச் சற்றுத் தாமதிப்பது, எங்கே மூச்சை இழுத்துத் தாளத்தைத் தனியே ஓடவிடுவது என்ற முடிவுகளில்தான் அது உயிர்வாழ்கிறது. அம்முடிவுகள் அவர் காதில் அன்று ஒலித்த பீட்டுக்கு அவர் அளித்த பதில்கள். பீட்டை மாற்றினால் பதில் அப்படியே இருக்க, கேள்வி மாறிவிடுகிறது. கோபமாக ஒலித்த வரி துயரமாக ஒலிக்கலாம். தாளத்தோடு விளையாடிய இடம் தடுமாற்றமாகத் தோன்றலாம். ஆகவே குரலில் கை வைக்கவில்லை என்ற உறுதிமொழி மட்டும் போதாது. அந்தக் குரல் முதலில் எதற்குப் பதிலாகப் பேசியது என்ற தகவலும் மூலத்தின் பகுதியே.

4. டூபாக்: எட்டு ஆண்டுகள், நான்கு நிலைகள்

டூபாக்கின் மறைவுக்குப் பின் வந்த ஆல்பங்களை வரிசையாகப் பார்த்தால், ஒரே பெயரின் கீழ் எவ்வளவு வேறுபட்ட பொருள்கள் விற்கப்பட்டன என்பது தெளிவாகும். முதலாவது, 1996 நவம்பர் 5 அன்று மக்கவெலி என்ற புனைபெயரில் வந்த 'த டான் கில்லுமினாட்டி: த 7 டே தியரி'. அவ்வாண்டு ஆகஸ்டில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் டார்சானா பகுதியிலிருந்த கேன்-ஆம் ஸ்டூடியோவில் சில நாட்களுக்குள் டூபாக்கே முடித்த ஆல்பம் அது. மறைவுக்குப் பின் வெளிவந்தது என்பது இங்கே நாட்காட்டி சார்ந்த செய்தி மட்டுமே. பாடல் தேர்வும் இசையும் அவர் வாழ்ந்தபோது முடிவானவை.

இரண்டாம் நிலை 1997இல் தொடங்குகிறது. அவரது தாய் அஃபெனி ஷகூர் அவ்வாண்டு அமாரு என்ற நிறுவனத்தைத் தொடங்கி, 'ஆர் யு ஸ்டில் டவுன்?' என்ற இரட்டை ஆல்பத்தை வெளியிட்டார். டூபாக் 1995 அக்டோபரில் டெத் ரோ நிறுவனத்தில் சேர்வதற்கு முன்பு பதிவுசெய்து ஒதுக்கிவைத்த பாடல்கள் அதில் உள்ளன. இங்கே வேறொரு சிக்கல் எழுகிறது: கலைஞர் ஏன் ஒதுக்கினார்? அந்த ஆல்பத்திலுள்ள 'ஐ வண்டர் இஃப் ஹெவன் காட் அ கெட்டோ' பாடலும், 1998இல் 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' தொகுப்பில் வந்து உலகப் புகழ்பெற்ற 'சேஞ்சஸ்' பாடலும் சில வரிகளைப் பகிர்ந்துகொள்கின்றன. இரண்டும் 1990களின் தொடக்கத்தில் பதிவானவை. ஒரு வரியை இரண்டு வரைவுகளில் வைத்துப் பார்க்கும் கலைஞர் இன்னும் தேர்ந்துகொண்டிருக்கிறார். இரண்டு வரைவுகளையும் முடிந்த பாடல்களாக வெளியிடும்போது அந்தத் தேர்வின் தடம் அழிகிறது. கேட்பவருக்கு அவர் தன்னைத்தானே திரும்பச் சொல்பவராகத் தோன்றுகிறார்.

'சேஞ்சஸ்' மூன்றாம் நிலைக்கும் எடுத்துக்காட்டு. ப்ரூஸ் ஹார்ன்ஸ்பியின் 1986ஆம் ஆண்டுப் பாடலின் இசையை எடுத்தாண்ட பழைய பதிவு, 1998இல் புதிய தாளத்தோடும் டாலன்ட் என்ற குழு பாடிய பல்லவியோடும் மறுவடிவம் பெற்றது. மூலத்தில் பங்கேற்ற தயாரிப்பாளரே மறுவடிவத்தையும் செய்தார் என்பதால் இரண்டுக்கும் இடையே ஒரு தொடர்ச்சி இருக்கிறது. அடுத்த சில ஆண்டுகளில் இந்த வழி விரிவடைந்தது. 'அன்டில் தி எண்ட் ஆஃப் டைம்' (2001), 'பெட்டர் டேஸ்' (2002) ஆகிய இரண்டு ஆல்பங்களிலும் 1995, 1996ஆம் ஆண்டுக் குரற்பதிவுகள் அன்றைய வானொலியின் ரசனைக்கேற்ற புதிய இசையோடு வந்தன.

நான்காம் நிலைதான் 'லாயல் டு த கேம்'. இங்கே மூலப் பீட் போய்விட்டது, தாளத்தின் வேகம் போய்விட்டது, குரலின் சுருதிகூடச் சில இடங்களில் போய்விட்டது, சொற்களும் திருத்தப்பட்டன. எமினெம் இதைப் பக்தியோடு செய்தார் என்பதை ஐயுற வேண்டியதில்லை. அதன் சில பகுதிகள் கலையாக வெற்றி பெற்றதையும் மறுக்க வேண்டியதில்லை. எல்டன் ஜானின் 1971ஆம் ஆண்டுப் பாடலிலிருந்து எடுத்த குரலோடு டூபாக்கின் பழைய பதிவைப் பிணைத்த 'கெட்டோ காஸ்பல்' 2005இல் பிரிட்டனில் முதலிடம் பெற்றது. இன்றும் பலரை உருக்குகிறது. இருந்தும் டூபாக்கின் தாளக்கட்டு எப்படிப்பட்டது என்று அறிய விரும்பும் ஒருவர் அந்த ஆல்பத்தை நம்பினால் தவறான முடிவுக்கே வருவார். அவரது சொல்வீச்சில் தெரியும் அவசரமோ மந்தமோ அவருடையதா, எட்டு ஆண்டு கழித்துக் கணினியில் செய்யப்பட்டதா என்று பிரித்தறிய ஆல்பமே வழி தரவில்லை. அட்டையில் உள்ள பெயரோ நான்கு நிலைகளிலும் அவருடையதுதான்.

5. ஒப்புதல் என்ற அளவுகோல்

இந்நான்கு நிலைகளையும் கலைஞரின் விருப்பம் என்ற அளவுகோலால் பிரிக்க முடியுமா? முதல் ஆல்பத்துக்கு மட்டுமே அவரது ஒப்புதல் தெளிவு. மற்றவை அனைத்தும் ஒரே தட்டில் விழுகின்றன: எதற்கும் ஒப்புதல் கேட்கப்படவில்லை, கேட்கவும் முடியாது. 'சேஞ்சஸ்' பாடலுக்கும் அசைகளை வெட்டி ஒட்டிய பாடலுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல இயலாத அளவுகோல் பயனற்றது.

மற்ற கலைஞர்களைப் பார்த்தால் சிக்கல் மேலும் விரிகிறது. பிட்ஸ்பர்க் நகரத்து ராப்பர் மேக் மில்லர் 2018 ஆகஸ்டில் 'ஸ்விம்மிங்' ஆல்பத்தை வெளியிட்டு, செப்டம்பர் 7 அன்று 26 வயதில் இறந்தார். அதற்கு இணையான 'சர்க்கிள்ஸ்' ஆல்பத்தில் இசையமைப்பாளர் ஜான் பிரயனோடு அவர் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்தார். மில்லரோடு நடந்த உரையாடல்களை நினைவில் வைத்துப் பிரயன் அதை முடிக்க, 2020 ஜனவரியில் குடும்பம் வெளியிட்டது. இதுவரை ஒப்புதல் வாதம் நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் 2025 ஜனவரியில் அதே குடும்பம் 'பலூனரிசம்' ஆல்பத்தை வெளியிட்டது. அது மில்லர் 2014 வாக்கில் பதிவுசெய்து, வேறு திட்டங்கள் முந்திக்கொண்டதால் வெளியிடாமல் விட்டது. தன் வாழ்நாளில் அதை வெளியிடுவதைப் பற்றி அவரே பேசியிருந்தார். ஆனாலும் நான்கு ஆண்டுகள் வெளியிடவில்லை. எந்த விருப்பத்தை எடுத்துக்கொள்வது: பேசியதையா, செய்யாமல் விட்டதையா?

கேங் ஸ்டார் இரட்டையரின் கதை இன்னும் கடினமானது. குருவும் டிஜே ப்ரீமியரும் 2003இல் 'தி ஓனர்ஸ்' ஆல்பத்துக்குப் பின் பிரிந்தனர். குரு வேறொரு தயாரிப்பாளரோடு இணைந்தார்; பழைய நண்பரோடு பேச்சுவார்த்தை இல்லாமலே 2010 ஏப்ரல் 19 அன்று புற்றுநோயால் இறந்தார். அவர் பெயரில் வந்த ஒரு கடிதம் ப்ரீமியரை விலக்கிவைத்தது; அது அவர் எழுதியதே அல்ல என்று குடும்பத்தினர் மறுத்தனர். பின்னர் ப்ரீமியர், பிரிவுக்குப் பின் குரு பதிந்த குரற்பதிவுகளை விலைகொடுத்துப் பெற்று, ஒவ்வொன்றுக்கும் முற்றிலும் புதிய பீட்டை உருவாக்கி, 2019 நவம்பரில் 'ஒன் ஆஃப் த பெஸ்ட் யெட்' என்ற பெயரில் கேங் ஸ்டார் ஆல்பமாக வெளியிட்டார். ஒப்புதலை அளவுகோலாகக் கொண்டால் இந்த ஆல்பம் ஐயத்துக்குரியது. குரு அந்தச் சொற்களை வேறொருவரின் இசைக்காகச் சொன்னார். ஆனாலும் இதை நேர்மையான ஆல்பமாகவே பலர் ஏற்றனர். அதற்கான காரணத்தை ஒப்புதலில் தேடுவதில் பயனில்லை. குரற்பதிவுகள் எங்கிருந்து வந்தன, எப்படிக் கிடைத்தன, பீட்டுகள் எப்போது செய்யப்பட்டன என்பதை ப்ரீமியர் வெளிப்படையாகச் சொன்னார். ஆல்பத்தின் பெயரும் இருவருக்கும் பொதுவானது. அதில் பாதி உரிமையுள்ளவர் தன் பாதியைத்தான் புதிதாகச் செய்தார்.

விருப்பத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டவர்களும் உண்டு. ஆண்டர்சன் பாக் 2021இல் தன் கையில் குத்திய பச்சையில், இறந்த பின் தன் பெயரில் எதையும் வெளியிட வேண்டாம், எஞ்சியிருப்பவை வரைவுகள் மட்டுமே என்ற கருத்தை எழுதிவைத்தார். அத்தகைய தெளிவான மறுப்பு மதிக்கப்பட வேண்டும். காஃப்கா தன் கையெழுத்துப் படிகளை எரிக்கச் சொன்னதையும் மாக்ஸ் பிரோட் அவற்றை வெளியிட்டதையும் காட்டி இந்த மறுப்பைத் தள்ளிவிட முயல்வது சரியல்ல. பிரோட் தன்னால் அதைச் செய்ய முடியாது என்று காஃப்காவிடம் முன்பே சொல்லியிருந்ததாக எழுதியவர். ஒலிப்பதிவு நிறுவனங்கள் அப்படி யாரிடமும் சொல்வதில்லை. ஆனால் பாக்கைப் போன்றவர்கள் மிகச் சிலரே. இருபதுகளில் திடீரென இறக்கும் ராப்பர்கள் பலர் உயில்கூட எழுதியிருப்பதில்லை. அந்தப் பெருந்தொகையினரைப் பற்றி ஒப்புதல் எதுவும் சொல்வதில்லை. அந்த வெற்றிடத்தில் கலைஞரின் விருப்பம் என்பது உரிமையாளரின் விருப்பமாக மாறிவிடுகிறது.

6. பதிப்பாகக் கருதினால்

ஆகவே கேள்வியை மாற்ற வேண்டும். 1969இல் ஆற்றிய உரையில் மிஷெல் ஃபூக்கோ, நீட்சேயின் நூல்களைத் தொகுப்பவர் எங்கே நிறுத்துவது என்று கேட்டார். ஒரு குறிப்பேட்டில் சிந்தனைகளின் நடுவே சலவைக் கணக்கு இருந்தால் அதுவும் நீட்சேயின் படைப்பா? ஸ்டூடியோ வன்தட்டுகளில் கிடக்கும் முனகல்களையும் சோதனைகளையும் வெர்ஸ் துண்டுகளையும் பார்க்கும் எவருக்கும் இந்தக் கேள்வி நேரடியாகப் பொருந்தும். பாடவிமர்சனம் என்ற துறை நெடுங்காலமாக இதற்கு நடைமுறை விடைகளைத் தேடிவந்திருக்கிறது. எந்தப் பாடத்தை மூலமாகக் கொள்வது, பாடபேதங்களை எப்படிக் காட்டுவது, பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பியதை எப்படித் தனித்துக் குறிப்பது என்பவை அத்துறையின் அன்றாடக் கேள்விகள். சிதைந்த ஏட்டில் விடுபட்ட சீரைப் பதிப்பாசிரியர் நிரப்பலாம். நிரப்பியதை நூலாசிரியரின் சொல்லாகக் காட்டக் கூடாது. இந்த எளிய ஒழுங்கை ஒலிப்பதிவுக்கும் கொண்டுவருவதுதான் இக்கட்டுரை முன்வைக்கும் மாற்று.

நடைமுறையில் இதன் பொருள் ஐந்து கடமைகள். முதலாவது, ஒவ்வொரு குரற்பதிவும் எந்த ஆண்டில், எந்தச் சூழலில் பதிவானது என்று ஆல்பம் சொல்ல வேண்டும். இரண்டாவது, அந்தக் குரல் முதலில் எந்த இசையோடு இருந்தது, அது ஏன் மாற்றப்பட்டது என்று சொல்ல வேண்டும். முடிந்தால் மூல வடிவத்தையும் உடன் வெளியிட வேண்டும். மூன்றாவது, பின்னர் சேர்த்த கருவிகள், பல்லவிகள், விருந்தினர் குரல்கள் அவ்வாறே குறிக்கப்பட வேண்டும். நான்காவது, குரலின் வேகம், சுருதி, சொல்வரிசை ஆகியவற்றில் செய்த மாற்றங்கள் அறிவிக்கப்பட வேண்டும். கலைஞர் சொல்லாத சொல்லை அவர் சொல்வதாக உருவாக்குவது, அறிவித்தாலும்கூட, பதிப்பின் எல்லையைத் தாண்டியது. ஐந்தாவது, முடித்தவரின் பெயர் அட்டையிலேயே இருக்க வேண்டும்.

இந்த அளவுகோல் முன்பு பிரிக்க முடியாதிருந்தவற்றைப் பிரிக்கிறது. 'சர்க்கிள்ஸ்' ஐந்தாவது கடமையில் குறைபட்டாலும், எவை மில்லர் விட்டுச்சென்றவை, எவை பின்னர் சேர்ந்தவை என்பதைப் பிரயன் பேட்டிகளில் விளக்கியதால் பெருமளவு தேறுகிறது. ஜே டில்லா 2006 பிப்ரவரியில் இறந்தபோது முக்கால் பங்கு முடிந்திருந்ததாகச் சொல்லப்படும் 'த ஷைனிங்' ஆல்பத்தை டிரம் கலைஞர் கரீம் ரிகின்ஸ் நிறைவுசெய்தார் என்பதும் மறைக்கப்படவில்லை. கேங் ஸ்டார் ஆல்பம், கடினமான பின்னணி இருந்தும், நேர்மையான பதிப்பாக நிற்கிறது. 'லாயல் டு த கேம்' நான்காவது கடமையில் விழுகிறது. நொட்டோரியஸ் பி.ஐ.ஜி. (பிக்கி) பெயரில் 2005இல் வந்த 'டூயட்ஸ்' ஆல்பம் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் விழுகிறது: 1981இல் இறந்த பாப் மார்லியோடும் 1996இல் இறந்த டூபாக்கோடும் பிக்கி சேர்ந்து பாடுவதாக அமைந்த அந்தப் பாடல்கள், அவற்றுக்காக அவர்கள் ஒன்றாக நின்று பாடிய தருணம் ஒன்று இருந்ததாக ஒரு பொய் நினைவை உண்டாக்குகின்றன.

7. மறுப்புகளும் விடைகளும்

இந்த நிலைப்பாட்டுக்கு எதிராக நான்கு மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, ஹிப் ஹாப்பின் உள்ளிருந்தே வருவது. இந்தக் கலையே பிறர் பதிவுகளை வெட்டி ஒட்டுவதில் பிறந்தது. உயிரோடு இருப்பவர், இறந்தவர் என்று பாராமல் எத்தனையோ கலைஞர்களின் துணுக்குகளை அது சாம்ப்ளிங் செய்திருக்கிறது. அப்படியிருக்க, டூபாக்கின் குரலை மட்டும் தொடக் கூடாதா? தொடலாம். ஆனால் சாம்ப்ளிங்கில் எடுக்கப்பட்ட துணுக்கு மேற்கோளாகவே ஒலிக்கிறது. புதிய பாடல் வேறொருவரின் பெயரில் நிற்கிறது. துணுக்குக்கு உரியவர் புதிய பாடலின் கருத்துக்குப் பொறுப்பாவதில்லை. மறைவுக்குப் பின்னான ஆல்பத்திலோ இறந்தவர் தன் பெயரில், தன்மையில், 'நான்' என்று பேசுகிறார். மேலும் சாம்ப்ளிங் செய்யும் தயாரிப்பாளர்களிடையே எழுதப்படாத கடுமையான ஒழுங்குகள் நிலவுவதை ஜோசப் ஷ்லாஸ் 2004இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். ஒட்டுக்கலை என்பதால் அறம் வேண்டாம் என்று அக்கலைஞர்களே கருதவில்லை.

இரண்டாவது மறுப்பு கோட்பாட்டிலிருந்து வருவது. படைப்பாளியின் இறுதி நோக்கம் என்பதே ஒரு கற்பனை. எந்தப் படைப்பும் பதிப்பகம், அச்சகம், நண்பர்கள், சந்தை என்று பலர் சேர்ந்து உருவாக்கும் சமூகப் பொருள் என்று 1983இல் ஜெரோம் மக்கான் வாதிட்டார். அப்படியானால் மூலம், சேர்க்கை என்ற பிரிவுக்கே இடமில்லை என்று ஒருவர் சொல்லலாம். மக்கானின் வாதத்தை ஏற்பதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் அதிலிருந்து பெறப்படுவது எதிர்முடிவு. பல கைகள் சேர்ந்து செய்தது என்றால், அந்தக் கைகள் எவை என்று சொல்லும் கடமை கூடுகிறது. சமூகப் படைப்பை ஒற்றைப் பெயரின் கீழ் விற்பதுதான் தனிமேதை என்ற பழைய கற்பனையைக் காப்பாற்றுகிறது.

மூன்றாவது மறுப்பு குடும்பங்களின் சார்பிலானது. மற்றவற்றைவிட இதற்குக் கனம் அதிகம். மகனை இழந்த தாய்க்கு அவன் குரலை என்ன செய்வது என்று சொல்ல விமர்சகர் யார்? அஃபெனி ஷகூர் இந்த வருவாயை இளைஞர்களின் கலைப்பயிற்சிக்காக ஓர் அறக்கட்டளையில் செலவிட்டார். 2005இல் ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்டோன் மவுண்டனில் கலை மையமும் திறந்தார். கறுப்பினக் கலைஞர்களின் உழைப்பை நிறுவனங்கள் விழுங்கிய நீண்ட வரலாற்றில், ஒரு தாய் தன் மகனின் பதிவுகளைத் தன் கைக்குக் கொண்டுவந்தது பெரிய வெற்றி. இதை முழுமையாக ஏற்கிறேன். இது வெளியிடும் உரிமையை நிறுவுகிறது. வெளியிட்டது என்ன என்று சொல்லாமலிருக்கும் உரிமையை இதிலிருந்து பெற முடியாது. தகவல் சொல்வதால் வருவாய் குறையப்போவதும் இல்லை. மகனின் உண்மையான குரலை வருங்காலத்துக்குக் காப்பதும் அதுவே.

நான்காவது மறுப்பு நடைமுறை சார்ந்தது. அதிகாரபூர்வமாக வெளியிடாவிட்டால் கள்ளப்பதிவுகள் பரவும். மில்லரின் குடும்பமும் 'பலூனரிசம்' வெளியீட்டுக்கு இதை ஒரு காரணமாகச் சொன்னது. சரியான காரணம்தான். கள்ளப்பதிவில் ஆண்டோ சூழலோ இருப்பதில்லை. தரம் சிதைந்தே கிடைக்கிறது. ஆனால் கள்ளப்பதிவைவிட மேலானது என்று உரிமை கோரும் வெளியீடு, அதற்கில்லாத ஒன்றைத் தர வேண்டும். அது நம்பகமான தகவல்தான்.

8. செயற்கைக் குரலின் காலத்தில்

இந்தக் கேள்வி இன்று புதிய அவசரம் பெற்றிருக்கிறது. 2012 ஏப்ரலில் கோச்செல்லா விழா மேடையில் தோன்றிய டூபாக்கின் உருவம், அவர் இறந்து மூன்று ஆண்டு கழித்தே தொடங்கிய அந்த விழாவின் பெயரைச் சொல்லிக் கூட்டத்தை வரவேற்றது. 2024 ஏப்ரலில் டிரேக் தன் பாடலொன்றில் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய டூபாக் குரலைப் பயன்படுத்தினார். டூபாக்கின் சொத்துப் பொறுப்பாளர்கள் வழக்குத் தொடுப்பதாக எச்சரிக்க, பாடல் விலக்கப்பட்டது. டென்னசி மாநிலம் அதே ஆண்டு குரலைப் பாதுகாக்கும் சட்டத்தை இயற்றியது. கலிஃபோர்னியா இறந்தவர்களின் எண்ம நகல்களுக்கு வரம்பு விதித்தது. இச்சட்டங்கள் தேவையானவை. ஆயினும் இவை அனைத்தும் அனுமதி யாருடையது என்ற கேள்வியை மட்டுமே தீர்க்கின்றன. அனுமதி பெற்றுச் செய்யப்படும் செயற்கைக் குரலை இவை தடுப்பதில்லை. கலிஃபோர்னியாவில் ஒருவரின் பெயருக்கும் குரலுக்குமான உரிமை இறப்புக்குப் பின் 70 ஆண்டு நீடிக்கிறது. அவரை அறியாத பேரப்பிள்ளைகளும் நிறுவனங்களும் அதை நிர்வகிக்கப்போகிறார்கள். 2004இல் அசைகளை வெட்டி ஒட்டியதும் 2024இல் முழு வரிகளை உருவாக்கியதும் ஒரே பாதையின் இரண்டு கட்டங்கள். முதலாவதற்கு அனுமதி இருந்தது, இரண்டாவதற்கு இல்லை. கேட்பவருக்கு நேர்ந்தது இரண்டிலும் ஒன்றே: டூபாக் சொல்லாத ஒன்றை அவர் சொன்னதாக நம்பும் நிலை.

ஒரு ராப்பர் உண்மையில் வாய்திறந்து பதிந்த மணிநேரங்கள் எண்ணிக்கையில் வரம்புடையவை. இறப்போடு அந்த எண்ணிக்கை நின்றுவிடுகிறது. இனிமேல் செயற்கையாக உருவாக்கக்கூடிய குரலுக்கு வரம்பே இல்லை. இரண்டும் கலந்துவிட்டால், 1990களின் அமெரிக்க நகரங்களில் கறுப்பின இளைஞர்கள் தங்கள் வாழ்வைப் பற்றித் தங்கள் வாயால் சொன்ன சாட்சியம் என்ற பெறுமதி ராப் இசைக்கு இல்லாமற் போகும். அதைத் தடுக்கச் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. விமர்சகர்களும் ஆவணக் காப்பகங்களும் விருதுக் குழுக்களும் ஓர் எளிய விதியை இன்றே கடைப்பிடிக்கலாம். குரல் எந்த ஆண்டினது, இசை எந்த ஆண்டினது, மாற்றியவர் யார் என்ற மூன்றையும் சொல்லாத ஆல்பத்தை, அது எவ்வளவு மனத்தைத் தொட்டாலும், இறந்த கலைஞரின் படைப்பு வரிசையில் சேர்க்காமல் அதைத் தயாரித்தவரின் படைப்பாகப் பட்டியலிட வேண்டும். தயாரிப்பாளர் அதை இறந்தவரின் படைப்பு என்று நிறுவ விரும்பினால், சான்று காட்டும் பொறுப்பு அவருடையது.